ஆயிலை அடிக்கடி மாற்றினால் இன்ஜின் அதிக நாள் உழைக்குமா?

டூவீலர் மெக்கானிக் ஷாப்களில் தினமும் நடக்கும் காட்சி இது. மெக்கானிக் டிப் ஸ்டிக்கை எடுத்து, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டுவார். ‘‘கறுப்பாயிடுச்சு பாருங்கண்ணே, மாத்திடலாமா?’’ போன முறை மாற்றி 1,500 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. ஆனாலும், இன்ஜினுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் வண்டிக்காரர் தலையாட்டிவிடுவார்.

வாரத்துக்கு ஒரு முறை மார்க்கெட்டுக்குப் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. உணவு டெலிவரி செய்யும் இளைஞரின் கதை வேறு. ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், மாதத்தில் 25 நாள் என்றால் வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர். 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் 10 தடவை. 1,500-க்கு ஒரு முறை என்றால் 20 தடவை. லிட்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், கூடுதல் செலவு மட்டும் 4,000 ரூபாய்!

சரி, காசு போனாலும் இன்ஜினுக்காவது நல்லதா?

முதலில் கறுப்பு நிறம். ஆயிலில் டிடர்ஜென்ட் கலந்திருக்கிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரியைப் பிஸ்டனில் படியவிடாமல், தன்னோடு கரைத்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அழுக்குத் துணியை ஊறவைத்த தண்ணீர் கறுத்தால் சோப்பைத் திட்டுவோமா? நிறத்தை மட்டும் பார்த்து ஆயில் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

அடுத்தது, பலருக்கும் தெரியாத சங்கதி. ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய ‘இஸட்.டி.டி.பி.’ என்ற ரசாயனம் இருக்கிறது. சூட்டிலும் உராய்விலும் இது சிதைந்து, கேம் ஷாஃப்ட் போன்ற பாகங்களின் மேல் மெல்லிய படலமாக உட்காரும். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாமல் காப்பாற்றுவது இந்தப் படலம்தான். ஊற்றியவுடனே இது உருவாகிவிடாது. புது ஆயிலில் வீரியத்தோடு இருக்கும் டிடர்ஜென்ட்டும் அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளப் போட்டி போடும்.

அமெரிக்காவில் ஃபோர்டு, கொனோகோபிலிப்ஸ் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் முக்கியமானது. வால்வுகளை இயக்கும் பாகங்களில், புது ஆயிலைவிடக் கொஞ்சம் ஓடிய ஆயிலில் தேய்மானம் குறைவாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். அதற்காக, புது ஆயில் இன்ஜினைத் தின்றுவிடும் என்று அலற வேண்டியதில்லை. அது குறிப்பிட்ட பாகங்களில் பார்த்த வித்தியாசம். முன்கூட்டியே மாற்றுவதால் தேய்மானம் குறையும் என்ற நம்பிக்கைதான் இதில் ஆட்டம் காண்கிறது.

உண்மையான ஆபத்து ஸ்பேனரில் இருக்கிறது. இன்ஜினின் அடிப்பாகம் அலுமினியம். டிரெயின் போல்ட்டை அடிக்கடி கழற்றி, பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும். பழைய வாஷரையே மறுபடி போட்டால் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசியும். அளவு குறைந்தது தெரியாமல் ஓட்டினால் இன்ஜின் ‘சீஸ்’ ஆகிவிடும். இன்னொரு தப்பு, காருக்கான ஆயிலை பைக்கில் ஊற்றுவது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. வழுக்கல் அதிகமான கார் ஆயிலில் கிளட்ச் ஸ்லிப் ஆகும். கியர் பைக் என்றால் டப்பாவில் ‘ஜாஸோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

சீக்கிரம் மாற்றியே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. புது வண்டியின் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடக் கூடாது. பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத் துகள்கள் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும். மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கி, ஆயில் பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால், ஸ்டார்ட்டே செய்யாமல் ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூடம், கடை என்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றும் ஸ்கூட்டரில் இன்ஜின் முழுச் சூடு ஏறாது. ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, மாதக் கணக்குத்தான்.

மற்றவர்களுக்கு, வண்டியோடு கொடுத்த கையேட்டில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாதம் என்று போட்டிருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால் போதும். நடுவில் 15 நாளுக்கு ஒரு முறை, வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, டிப் ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினால் சரியாகிவிடும்.