வழிகாட்டி நூல் வாங்கும் முன் ஒரு கணக்கு

ஏப்ரல் பிறந்தால் வங்கிகளில் புதிய நிதியாண்டும், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் புதிய கல்வியாண்டும் ஒருசேரத் தொடங்குகின்றன. அந்நாள்களில் புத்தகக் கடைகளில் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இயற்பியலுக்கு எந்த கைடு நல்லது?" தில்லிக்கு மாறுதலாகி வந்த புதிதில், பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த மகளுக்காக நாங்களும் அக்கேள்வியோடு பழைய தில்லியின் நயி சடக் தெருவில் நின்றோம். பாடநூல்களுக்கும் வழிகாட்டி நூல்களுக்கும் பெயர் பெற்ற தெரு அது.

கணவன், மனைவி இருவருமே வணிகவியல் பட்டதாரிகள். நூலில் உள்ளதை எடைபோட இயலாததால், நூலையே எடைபோட்டோம். ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட பழைய நூல் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது, வாங்கிவிட்டோம்.

அந்நூலின் இறுதி இயல் தகவல்தொடர்பு அமைப்புகள் பற்றியது. கணக்குகள் குறைவு என்பதால் மகள் அதிலிருந்தே தொடங்கினாள். பத்து நாள் படித்துக் குறிப்பெடுத்து முடித்த பின்னரே, அந்த இயல் பாடத்திட்டத்தில் இல்லை என்று ஆசிரியர் கூறினார். என்.சி.இ.ஆர்.டி. 2022-23இல் மேற்கொண்ட பாடக் குறைப்பில் அது நீக்கப்பட்டு, 15 இயல்கள் 14 ஆகியிருந்தன. தவறு எங்களுடையது. அவளோ, "எனக்கு இயற்பியல் வராதுப்பா" என்று தன்னையே நொந்துகொண்டாள். வீணான பணத்தைவிட அச்சொல்லே எங்களை வருத்தியது.

இரண்டாம் முறை சென்றபோது அவளையும், ஆசிரியர் திருத்தித் தந்த அவளது கணக்கேட்டையும் உடன் அழைத்துச் சென்றோம். அதிலிருந்த கணக்கு எளியது. 20 செ.மீ. குவியத் தொலைவு கொண்ட குழியாடியின் முன் 30 செ.மீ. தொலைவில் ஒரு பொருள் உள்ளது. பிம்பம் எங்கே தோன்றும்? ஆடிக்கு முன்னே 60 செ.மீ. தொலைவில், தலைகீழாக, இரு மடங்கு பெரியதாகத் தோன்றும் என்பதே விடை.

பளபளப்பான புதுப் பதிப்பு ஒன்றில் அதே கணக்கு இருந்தது. விடையோ 12 செ.மீ. என்றிருந்தது! குவியத் தொலைவுக்கு எதிர்க்குறி இட்டவர்கள், பொருளின் தொலைவுக்கு இட மறந்திருந்தனர். மகள் அதைச் சுட்டியபோது எங்களுக்கு உடனே விளங்கிற்று. பற்றை வரவில் எழுதினால் பேரேடு என்னவாகும் என்பதை அறியாதவர்களா நாங்கள்? பாடம் தெரியாத பெற்றோரும் நூலைச் சோதிக்கலாம் என்பதை அன்றுதான் கற்றோம். விடை உறுதியாகத் தெரிந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போதும்.

கணக்கு சரியாக இருந்தாலும் மேலும் மூன்றைப் பார்ப்பது நலம். முதலாவது, பதிப்பாண்டு. நூலின் பொருளடக்கத்தை நடப்பாண்டுப் பாடத்திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இரண்டாவது, படிநிலைகள். தரவு, சூத்திரம், மதிப்பைப் பொருத்துதல், அலகுடன் கூடிய விடை என ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்க வேண்டும். வாரியத் தேர்வில் இறுதி விடைக்கு மட்டுமன்றி, படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. மூன்றாவது, வினாக்களின் தன்மை. 2024-25 முதல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் பாதி அளவு வினாக்கள், கற்றதைப் பயன்படுத்தும் திறனைச் சோதிப்பவை என வாரியம் வகுத்துள்ளது. வரையறைகளை மட்டும் அடுக்கித் தரும் நூல் இனி உதவாது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, பணம் கேட்காத துணைகள் உள்ளன. என்.சி.இ.ஆர்.டி.யின் பாடநூலையும் எடுத்துக்காட்டு வினாக்கள் கொண்ட எக்ஸம்ப்ளர் நூலையும் அதன் இணையதளத்திலிருந்து இலவசமாகப் பெறலாம். வாரியம் ஆண்டுதோறும் மாதிரி வினாத்தாளை மதிப்பெண் வழங்கும் முறையோடு வெளியிடுகிறது. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். மீதி 30 செய்முறைக்கு. அந்த 30 மதிப்பெண்ணை எந்த வழிகாட்டி நூலும் பெற்றுத் தராது. ஆய்வகத்தில் கைபடச் செய்தே பெற வேண்டும்.

அன்று மகள் தேர்ந்தெடுத்தது, முதலில் நாங்கள் வாங்கியதில் பாதிகூட இல்லாத மெலிந்த நூல். ஒன்றே ஒன்று. ஆண்டிறுதிக்குள் அதன் ஓரங்களெல்லாம் அவளது பென்சில் குறிப்புகளால் நிறைந்திருந்தன. அச்சான விடைகளில் இரண்டைத் தவறு என்று அவளே திருத்தியும் இருந்தாள். "வராதுப்பா" என்ற சொல்லை அதன்பின் நாங்கள் கேட்கவில்லை.

இந்த ஏப்ரலில் கடைக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளையையும் அதன் கணக்கேட்டையும் மறவாமல் உடன் அழைத்துச் செல்லுங்கள்.