லண்டன் மேடையிலிருந்து புதுக்கோட்டைச் சீமைக்கு

லண்டனில் 1576-இல் ஜேம்ஸ் பர்பேஜ் நாடகத்துக்கென்றே தனி அரங்கம் கட்டினார். கிறிஸ்டோபர் மார்லோ எதுகையற்ற செய்யுளை மேடையின் மொழியாக்கினார். அதை மனித மனத்தின் பேச்சாக வளர்த்தவர் ஷேக்ஸ்பியர் (1564–1616). அவர் மறைந்தபின், 1623-இல் சக நடிகர்கள் அவருடைய 36 நாடகங்களைத் தொகுத்தனர். அவற்றுள் பாதி அதுவரை அச்சேறாதவை. ‘சிம்பலைன்’ அப்படித் தப்பிப் பிழைத்த நாடகம்.

அதைத் தமிழ் மேடைக்கு ஆக்கியவர்களுள் ஒருவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் இசை பயின்று, அவருக்கு மகன்போல் ஆனவர்.

புதுக்கோட்டை மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் சுவாமிகளின் பாடல்களை இன்றும் கேட்கலாம்.