இணையப் பாத்திர ஆட்டங்களில் இலக்கும் நடையும்

போர்க்களத்தில் நிற்கும் வீரன் ஒருவன் கணந்தோறும் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டியவனாகின்றான். எங்கே நிற்பது என்பது ஒன்று. யாரைத் தாக்குவது என்பது மற்றொன்று. கணினித் திரையில் ஆடப்பெறும் போருக்கும் இவ்விரண்டுமே அடிப்படையாம். ஆயின், களத்து வீரனுடைய காலும் கண்ணும் கையும் செய்யும் தொழில் அனைத்தையும் ஈண்டு ஆடுவோனுடைய விரல்களே செய்தல் வேண்டும். அத்தொழிலை விரல்களுக்கு எவ்வாறு பங்கிட்டுக் கொடுப்பது என்பதே, பலர் ஒருங்கு கூடிப் பாத்திரமேற்று ஆடும் இணைய ஆட்டங்களை அமைப்போர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எதிர்ப்பட்டுவரும் சிக்கலாகும். தலைப்பைக் கண்ட அளவிலே பக்கத்தைப் புரட்ட எண்ணும் ஆசிரிய நண்பர்கள் சற்றுப் பொறுப்பார்களாக. ஆராயப்படுவது விளையாட்டே எனினும், சொல்லுக்கும் கைக்கும் உள்ள உறவு பற்றிய வினா ஒன்று அதனுள்ளே கிடக்கின்றது.

இவ்வாட்டங்களின் மூதாதை எனத்தக்கது, 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் றப்ஷோ தொடங்கி, றிச்சட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்னும் ஆட்டமாம். அதிற் படம் என்பது இல்லை, யாவும் எழுத்தே. வடக்கே செல்ல விரும்புவோன் வடக்கு என்னும் திசைச் சொல்லைத் தட்டெழுதுவான். பகையைத் தாக்க விரும்புவோன் தாக்குதற்குரிய வினைச்சொல்லையும் பகையின் பெயரையும் எழுதுவான். 1991இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணினியியல் மாணவர் படைத்த 'டிக்கு மட்' ஆட்டத்திலோ, ஒருமுறை கட்டளையிட்டபின் அடியும் எதிரடியும் தாமே சுற்றுச் சுற்றாக நிகழும். இலக்கைக் கொள்ளுதல் என்பது அக்காலத்தே பெயரைச் சொல்லுதலேயன்றிப் பிறிதன்று. பின்வரும் செய்திகளுக்கு இதுவே திறவுகோலாதலின் வாசகர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

படம் வந்தது, அதனோடு தொல்லையும் வந்தது. 1997இல் வெளிவந்த 'அல்ற்றிமா ஒன்லைன்' ஆட்டத்திற் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்திப் பிடித்தால், சுட்டுமுள் நிற்கும் திசை நோக்கிப் பாத்திரம் நடக்கும். மந்திரம் ஒன்றை ஏவியபின் இலக்கைக் காட்டுதற்கும் அதே சுட்டுமுள்ளே வேண்டும். ஓடிக்கொண்டே குறிவைக்க முயல்வோன், ஒரு கையால் ஒரே வேளையில் இரு திசைகளைக் காட்டவேண்டிய இடர்ப்பாட்டுக்கு ஆளானான். 1999இல் வந்த 'எவர்குவெஸ்ற்' நடையைப் பெரிதும் விசைப்பலகைக்கு ஒப்படைத்தது. இலக்கோ ஒருமுறை தெரிந்துகொள்ளப்பட்டால் மாற்றும்வரை மாறாது நிற்கும். தன்னையும் தன் குழுவினரையும் தெரிவதற்கு விசைப்பலகையின் மேல்வரிசை விசைகள் அமைந்தன. தோழன் ஒருவன் கொண்ட இலக்கையே தானும் கொள்ளுதற்குத் தனிக் கட்டளையும் இருந்தது. குழுத்தலைவன் ஒருவன் இலக்கைத் தெரிய ஏனையோர் பின்பற்றும் ஒழுங்கு, இச்சிறு கட்டளையின் பயனாகவே எளிதாயிற்று.

2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'வேர்ள்ட் ஒவ் வோர்கிராவ்ற்' இம்முறையைச் செப்பஞ்செய்து உலகெங்கும் பரப்பியது. டாப் விசையைத் தட்டினால் முன்னே நிற்கும் பகைவருள் ஒருவன் இலக்காவான். மீண்டும் தட்டினால் அடுத்தவன். இவ்வாறு இலக்குப் பூட்டப்பட்டபின் கை நடைக்குத் திரும்பலாம். டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளே இடக்கைக்குரியன. அவற்றுள் ஏ, டி என்பன உடலை இருபுறமும் திருப்பும். சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தியிருக்கும்போதோ, அவையே பக்கவாட்டில் நகர்த்தும். திரும்புதலைச் சுட்டிக்குக் கொடுத்தவன் நொடியிற் பின்னோக்குவான். விசையால் திரும்புவோன் மெல்லச் சுழல்வான். பழகியோர் பழகாதோரை எள்ளுதற்கு இதுவே போதியதாயிற்று. பின்னடி வைத்து விலக முயல்வோன் வேறொரு பிழை செய்கின்றான்; முன்னோக்கி ஓடும் வேகம் ஆட்ட அளவையில் வினாடிக்கு ஏறத்தாழ 6.4 மீற்றராக, பின்னோக்கும் வேகம் 4.1 மீற்றரே. அன்றியும், ஓதி முடிக்கக் காலம் வேண்டும் மந்திரங்கள் பெரும்பாலும் நடந்தவுடன் கலைந்துவிடும். ஆதலின் நிற்பதா, நகர்வதா என்பதே அறிவுக்குரிய வினாவாகின்றது.

இனி, இலக்கைப் பூட்டும் முறை எக்காரணத்தால் நிலைபெற்றது? குறிபார்க்கும் சுடுகள ஆட்டங்கள் அன்றும் இருந்தனவே என்று வினவலாம். தொலைவே முதற்காரணம். ஆட்டத்தின் உண்மை நிலை ஆடுவோன் வீட்டில் இல்லை, சேவையகத்தில் உள்ளது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிங்கப்பூருக்குச் செய்தி போய்மீள, வழி நேராயிருப்பினும், வினாடியின் ஆயிரத்திலொரு கூறுகள் 27 வேண்டும். வழி நேராயிராமையாலும் இடைநின்ற கருவிகளாலும் அது பன்மடங்காதலும் உண்டு. அத்தாழ்வு 200 ஆயின், ஓடும் பகைவன் அதற்குள் 1.3 மீற்றர் கடந்துவிடுகின்றான். நாம் குறிவைப்பது அவன் நின்ற இடத்தையே அன்றி நிற்கும் இடத்தை அன்று. பெயர்சொல்லித் தாக்குவோனுக்கோ இவ்வளவு இடர் இல்லை. 'இவனை' என்ற சொல் தாமதித்துச் சேர்ந்தாலும் அவனையே சேரும். பூட்டிய இலக்கு, தட்டெழுதிய பெயரின் வழித்தோன்றல் என்பது இதனாற் புலப்படும். தாமதம் முற்றும் மறையவில்லை என்பதற்கு ஒரு வேடிக்கையும் உண்டு: ஒருவரையொருவர் ஆடாக மாற்றும் மந்திரத்தை இருவர் ஏககாலத்தில் ஏவ, இருவருமே ஆடாகி நின்றனர்.

இரண்டாவது காரணம் கையைப் பற்றியது. போல் பிற்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1954இல் வெளியிட்ட விதியின்படி, இலக்கொன்றைத் தொடும் நேரம் அதன் தொலைவுக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. விகிதம் இருமடங்காகுந்தோறும் நேரம் ஓர் ஒத்த அளவாற் கூடும். திரையிலே தூரத்துப் பகைவன் சிறுத்துத் தோன்றுகின்றான். அவனைச் சுட்டுமுள்ளாற் பிடிப்பது அருமை. டாப் விசைக்கோ பெரியவனும் சிறியவனும் ஒன்றே.

இம்முறைக்கு எதிராய் எழுந்தது, 2011இல் கொரியாவில் வெளிவந்து 2022இற் கணினியில் நிறுத்தப்பட்ட 'டேரா'. நடுத்திரைக் குறியைப் பகைவன்மேல் வைத்தே அடித்தல் வேண்டும். அடி வரும்போது விலகினால் தப்பலாம். நடை வெறுஞ் செலவாகாது தற்காப்பே ஆயிற்று. இஃது உண்மையான ஆக்கமே. எனினும் அவ்வாட்டத்திலும் தோழரைக் குணப்படுத்தும் வினைக்கு மட்டும் குறியை அவர்மேல் ஓடவிட்டுப் பூட்டும் வழி வைக்கப்பட்டது. நெருங்கிக் கலந்து போரிடும் நால்வருள் உயிர்போகும் தறுவாயில் உள்ளவனைக் குறிபார்த்துப் பிடிப்பது எளிதன்றே! பகைவனைத் தவறவிட்டால் மீண்டும் அடிக்கலாம். தோழனைத் தவறவிட்டால் அவன் வீழ்வான்.

குறிபார்க்கும் முறையே வளர்ச்சி என்றும் பூட்டும் முறை பழைமை என்றும் கூறுவார் உளர். அது பொருந்தாது என்பது எம் கருத்து. கை நடுங்கும் முதியவரும், ஒரு கையே வழங்குபவரும், தூரதேசத்து மெல்லிய இணைப்பினரும், விரைந்த விரலுடைய இளைஞரோடு ஒரே குழுவில் அமர்தற்கு இடங்கொடுத்தது பெயர்சொல்லும் முறையே. குறிபார்க்கும் முறை ஒன்றையே வைப்பின் அவர்களுட் பலர் வாயிலிலேயே நிற்க நேரும்.

அமைப்போரும் இதனை உணராமல் இல்லை. 2012இல் வந்த 'கில்ட் வோர்ஸ் 2', பூட்டும் இலக்கோடு உருண்டு விலகும் நடையையும் சேர்த்தது. 2016இல் நடுத்திரைக் குறியை விரும்புவோர்க்கு அதனையும் தந்தது. 'வேர்ள்ட் ஒவ் வோர்கிராவ்ற்' தானும் 2022இல், பாத்திரம் நோக்கும் பகைவனைத் தானே இலக்காக்கும் தெரிவையும், அண்மையில் நிற்போரோடு உரையாடவும் பொருளைத் திறக்கவும் சுட்டியின்றி ஒரே விசை போதும் என்னும் வசதியையும் அமைத்தது. இவை வேண்டுவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும் தெரிவுகள். டாப் விசை பழைய இடத்திலேயே இருக்கின்றது.