ஓட்டல் பயிற்சியா? ஒப்பந்தத்தைப் பாருங்கள்!

பிளஸ் டூ முடித்த பிள்ளையை ஓட்டல் நிர்வாகப் படிப்பில் சேர்க்கலாமா என்று தயங்கும் குடும்பங்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அநேகம். "பிரியாணி ஆக்குவதற்கு ஒரு பட்டமா?" என்று கேட்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. தேக்சா தேக்சாவாக ஆக்கி இறக்கும் கைப்பக்குவத்தைத் தலைமுறைகளாகப் பெற்றிருக்கும் நாம், அதற்கொரு சான்றிதழ் பெறத் தயங்குவது விந்தையே!

ஆனால் படிப்பைவிட உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது, அதனூடே வரும் பயிற்சிக் காலத்தை. வழக்கமாக ஒரு பருவம் முழுவதும் மாணவர் ஓட்டலொன்றில் வேலை பழகுவார். சமையற்கூடம், உணவு பரிமாறல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு என நான்கு பிரிவுகளிலும் மாறி மாறி நிற்பார். இது பாடத்திட்டத்தைச் சேர்ந்த பயிற்சி. இதற்கு ஓட்டல் தரும் உதவித்தொகை பெரும்பாலும் அதன் விருப்பத்தைப் பொறுத்ததே. சிலர் தருவர், சிலர் சாப்பாடும் சீருடையும் தந்து அனுப்பிவிடுவர்.

சட்டம் காக்கும் பயிற்சி வேறு. அம்பத்தூர்வாசிகளுக்கு அதை விளக்கவே வேண்டாம். டி.ஐ. சைக்கிள்ஸிலும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் அப்ரண்டிஸாக நுழைந்தவர்கள் இல்லாத தெரு இப்பகுதியில் அரிது. அதே 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம்தான் சமையற்காரருக்கும், பேக்கரிப் பணியாளருக்கும், பரிமாறுவோருக்கும் பொருந்துகிறது. லேத் இயந்திரத்துக்கு மட்டுமே உரிய சட்டம் அதுவென்று எண்ணி, பலர் கேட்காமலே இருந்துவிடுகின்றனர்.

2019இல் திருத்தப்பட்ட விதிகள், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 எனக் குறைந்தபட்சத் தொகையை நிர்ணயித்தன. இவற்றை 36 சதவீதம் உயர்த்துமாறு 2025 மே மாதத்தில் மத்தியத் தொழிற்பழகுநர் குழு பரிந்துரைத்தது. எனவே சேரும் நாளில் நடப்பிலுள்ள விகிதத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். ஒரு மாதத்திற்குரிய தொகை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வந்துசேர வேண்டும் என்பதும் விதியே. 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநரைச் சேர்த்தே ஆகவேண்டும்.

இந்த உரிமைகள் எப்போது கிடைக்கும்? ஒப்பந்தம் எழுதி, அரசின் பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்தால்தான். பதிவு எண் இல்லாமல் "டிரெய்னி" என்று வாய்வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் ஆளாகவே மாதங்களை ஓட்டச்செய்யும் இடங்கள் இல்லாமலில்லை. பெற்றோரே, கையெழுத்திடும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பரிமாறும் பிரிவில் மதுக்கூடப் பணியும், சமையற்கூடத்தில் ஹராமான இறைச்சியைக் கையாள்வதும் வந்துசேரலாம். சேர்ந்த பிறகு முகம் சுளிப்பதைவிட, முன்னதாகவே கல்லூரியின் பயிற்சி அலுவலர் வழியாக எழுத்து மூலம் கேட்பதே முறை. பேக்கரி, அறைப் பராமரிப்பு, வரவேற்பு ஆகியவற்றில் நாட்களைக் கூட்டித் தரச் சில இடங்களில் இசைவார்கள்; மறுப்போரும் உண்டு. மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம். மருத்துவமனைச் சமையற்கூடமும் தொழிற்சாலை உணவகமும் இத்துறையைச் சேர்ந்தவையே; எஸ்டேட் சூழ்ந்த நம் பகுதியில் அவற்றுக்கா பஞ்சம்? ஜும்ஆ நேரத்தையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. வெள்ளி நண்பகல் என்பது ஓட்டலில் அடுப்புகள் கொழுந்துவிட்டெரியும் நேரமாயிற்றே!

மகளை அனுப்புவோர், இரவுப்பணி முடிந்து வீடு திரும்ப வாகனம் உண்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளரையும் பழகுநரையும் "ஊழியர்" என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர் யார் யார் என்பதை மகள் முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும்.

வெளிநாட்டுப் பயிற்சி என்று கட்டுக்கட்டாகப் பணம் கேட்போர் தனி ரகம். வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை பழகலாம் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

டிப்ளமோ, பட்டம் முடித்தோரின் பயிற்சியைக் கவனிக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது. 1963இல் தொடங்கிய மத்திய அரசின் ஓட்டல் நிர்வாகக் கல்வி நிலையமும் அங்கேதான். ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணியில் இறங்கலாம். மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.