ஏட்டில் இருந்த உண்மையும் ஆற்றில் ஓடிய சாயமும்



சென்ற மாதம் மதரஸாவில் தண்ணீரின் வகைகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நிறமும் மணமும் சுவையும் மாறிய தண்ணீர் எப்போது உளூவுக்கு ஆகும், எப்போது ஆகாது என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், நம்ம நொய்யல் தண்ணியில உளூச் செய்யலாங்களா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் கேட்டதற்குரிய சட்டத்தை விளக்கி அவனை உட்கார வைத்தேன். ஆயினும் வேறொரு கேள்வி என்னை விடவில்லை. அந்த ஆறு ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. அது கெட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அதனை அளந்து, சோதித்து, எழுதி வைத்த அறிஞர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். அவர்கள் எழுதியது ஆட்சி நடத்துவோரின் செவிகளை எட்ட ஏன் அத்தனை ஆண்டுகள் பிடித்தன? இதைத்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அம்மாவின் கேள்வி

நாங்கள் வளர்ந்த வீடு ஆற்றங்கரைக்கு அருகில் இருந்தது. வீட்டின் பின்புறத்தில் ஒரு கிணறு. என் சிறுவயதில் அதன் நீரைத்தான் குடித்தோம், சமைத்தோம். 1990-களின் நடுவில் அந்நீரில் துவரம் பருப்பு வேக மறுத்தது. தேநீருக்குப் பாலை ஊற்றினால் திரிந்தது. அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாயில் வரிசை நிற்கத் தொடங்கினார்கள். அத்தா ஒவ்வோர் அலுவலகமாக ஏறி மனுக் கொடுத்தார்கள். எதற்கும் பதில் வரவில்லை.

நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்த நாட்களில், நூலகத்தின் ஒரு மூலையில் நொய்யல் ஆற்றுப்படுகையைப் பற்றிய ஆங்கில ஆய்வறிக்கை ஒன்று கண்ணில் பட்டது. அதன் பின்னட்டையில் ஒட்டப்பட்டிருந்த சீட்டில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை. எவரும் எடுத்துப் படித்ததில்லை. உள்ளே எங்கள் பக்கத்துக் கிணறுகளின் உப்பளவு அட்டவணையாகத் தரப்பட்டிருந்தது. மகிழ்ச்சியோடு அம்மாவிடம் சென்று தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உப்புன்னு நாந்தான் சொல்லிக்கிட்டே இருக்கேனே. அதை யாருகிட்டச் சொன்னா சரியாகும்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?" என்றார்கள்.

அந்தப் புத்தகத்தில் அது போடப்பட்டிருக்கவில்லை. ஆய்வு என்பதற்கும் அரசின் கொள்கை என்பதற்கும் இடையே உள்ள பள்ளத்தை நான் முதன்முதலில் அறிந்தது என் தாயாரின் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான்.

உப்பு வந்த வழி

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1920-களில் இங்கே முதல் பின்னலாடைக் கூடத்தை அமைத்தவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகர் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்போம். பனியன் நகரம் என்று பெயர் பெற்ற இவ்வூர், 1970-களின் இறுதியில் ஏற்றுமதியில் இறங்கியது. 1985-இல் 19 கோடி ரூபாய்க்கும் குறைவாக இருந்த ஏற்றுமதி, 1990-இல் ஏறத்தாழ 300 கோடியாயிற்று. 2024-25-ஆம் ஆண்டில் அது சுமார் 40,000 கோடியை எட்டியிருக்கிறது. எத்தனையோ மாவட்டங்களிலிருந்தும், பிற மாநிலங்களிலிருந்தும் வந்தோருக்குச் சோறு போட்ட ஊர் இது. நம் குடும்பங்களில் எத்தனை திருமணங்கள் இந்தக் கூலியில் நடந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெள்ளை பனியன் நெய்த ஊர் வண்ண ஆடை நெய்யத் தொடங்கியபோது சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு ஏராளமான உப்புத் தேவைப்படுகிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போகும். உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கழிவுநீர் நொய்யலில் கலந்த காலம் ஒன்று இருந்தது. வெள்ளியங்கிரி மலையில் தெளிந்த நீராகப் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு அது.

சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென்று ஓர் அணை கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டிற்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பதுதான் உழவர்களின் வழக்கம். இங்கோ, திறக்காதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது!

அறிஞர்கள் சொன்னார்கள்

இவையெல்லாம் அறிவுலகத்திற்குத் தெரியாமல் நடந்தவை அல்ல. 1971-இல் மால்கம் ஆதிசேஷையா சென்னையில் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 1994-இல் எழுதினர். சென்னைப் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த பால் அப்பாசாமி, பிரகாஷ் நெல்லியத் ஆகியோர் 2000-களில் நொய்யல் மாசினால் விளைந்த இழப்பை, வேளாண்மைக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு, மீன்வளத்திற்கு இவ்வளவு என்று துறைவாரியாக ரூபாயில் கணக்கிட்டுக் காட்டினர்.

ஆய்வுகள் வெளிப்படுத்திய ஓர் உண்மையை மட்டும் இங்கே விளக்குகிறேன். 1998-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையை அடுத்துச் சாயப்பட்டறைகள் கூட்டாகவும் தனியாகவும் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. பெருஞ்செலவு செய்யப்பட்டது. ஆனால் அந்நிலையங்கள் கழிவின் நிறத்தையும் நாற்றத்தையும் பெருமளவு குறைத்தனவேயன்றி, கரைந்திருந்த உப்பை நீக்கவில்லை. உப்பு, நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும் பொருளன்று. ஒரு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைபொருள் இருத்தலாகாது என்னும் விதி ஏட்டில் இருந்தது. ஆற்றில் விழுந்த நீரோ அந்த அளவைப் பலமடங்கு தாண்டியிருந்தது. பார்வைக்குத் தெளிந்த நீர் வயலுக்குப் பாய்ந்து மண்ணைக் கெடுத்தது. சுத்திகரித்தாயிற்று என்று ஒருபுறம் மனநிறைவு. கிணறு கெட்டது கெட்டதுதான் என்று மறுபுறம் கண்ணீர். இந்த இரண்டுக்கும் நடுவே உண்மை எது என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல முடிந்தது.

உழவர்கள் கட்டிய பாலம்

அம்மா கேட்ட கேள்விக்கு விடை கண்டவர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்கள். அவர்கள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் சென்றார்கள். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் மாசு குறித்து 1996-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அவர்களுக்கு வழி திறந்துவிட்டிருந்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பதும், அந்த இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அவ்வாறு அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் நொய்யல் படுகைக்கும் வந்து, 1,46,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் 28,596 உழவர்கள் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கண்டு, 2004-இல் ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீட்டை மதிப்பிட்டது.

வழக்குத் தொடர்ந்தது. ஒரு துளிக் கழிவும் வெளியேறாத முறையைக் குறித்த கெடுவுக்குள் ஏற்படுத்த வேண்டுமென்று 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வாளர்கள் உண்மையைக் கண்டறிந்தார்கள். உழவர்கள் அதற்குக் குரல் கொடுத்தார்கள். நீதிமன்றம் அதற்கு வலிமை தந்தது. மூன்றில் எது குறைந்திருந்தாலும் காரியம் நடந்திராது. எண்ணும் அளவும் இல்லாத குறைகூறலை எளிதில் ஒதுக்கிவிடலாம். கேட்போர் இல்லாத எண்ணோ அலமாரியிலேயே தூங்கிவிடும்.

தாமதத்தின் விலை

இந்தக் கதையில் எனக்கு வேறொரு வேதனையும் உண்டு. பட்டறைகள் மூடப்பட்ட அந்த நாட்களில் என் மைத்துனர் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வாரத்தில் கூலி நின்றது. மளிகைக் கடையில் கடன் ஏறியது. மூத்த மகளின் பள்ளிக் கட்டணத்திற்காக அவர் மனைவி வளையலை அடகு வைத்தார். ஆற்றைக் கெடுத்ததில் அவருக்கு என்ன பங்கு? சொன்ன வேலையைச் செய்த தொழிலாளி அவர்!

1990-களிலேயே ஆய்வுகளுக்குச் செவிசாய்த்து, படிப்படியாக, அரசும் தொழிலும் செலவைப் பகிர்ந்துகொண்டு மாற்றத்தைத் தொடங்கியிருந்தால், ஒரு காலைப்பொழுதில் எல்லாக் கதவுகளும் அடைபட வேண்டிய நிலை வந்திருக்குமா? தொழிலா, ஆறா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே காலந்தாழ்ந்த கொள்கையின் அடையாளம். கெட்ட கிணற்றுக்கு உரியவரும் கூலி இழந்தவரும் ஏழைகளே.

மூடியபின் நடந்தவை இதற்குச் சான்று. அரசு கடனுதவி அளித்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புநீரையே மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை முன்னோடியாகச் செய்து பார்க்கப்பட்டது. பிறகு ஒவ்வொரு நிலையமாகத் திறந்தது. சவ்வூடு வடித்தல், ஆவியாக்கல் ஆகியவற்றால் இன்று நீரும் உப்பும் மீட்கப்பட்டுத் திரும்பவும் சாயத்தொட்டிக்கே செல்கின்றன. முடியாது என்று பல்லாண்டுகள் சொல்லப்பட்டது முடிந்தது! எனினும் குறை முற்றும் தீர்ந்துவிடவில்லை. மீட்க முடியாத கலப்பு உப்பும் சேறும் குவிந்து கிடக்கின்றன. நகரங்களின் சாக்கடை நீர் இன்னும் ஆற்றில் விழுகிறது.

பிற இடங்களில் நடந்தது

ஆய்வு அரசின் கைக்குச் செல்லும் வழி நீதிமன்றம் ஒன்றுதானா? இல்லை. குஜராத்தில், தொழிற்சாலைகளின் மாசினைத் தணிக்கை செய்வோரைத் தொழிற்சாலைகளே நியமித்து ஊதியம் கொடுத்து வந்தன. ஊதியம் கொடுப்பவருக்கு எதிராக எழுதுவோர் எத்தனை பேர்? 2009 முதல் ஈராண்டுகள் எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள், அம்மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்தே ஒரு சோதனை நடத்தினர். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் அனுப்பி, பொது நிதியிலிருந்து ஊதியம் கொடுத்தபோது அறிக்கைகள் உண்மையாயின. ஆலைகளும் மாசினைக் குறைத்தன. 2015-இல் அம்மாநிலம் தன் விதியை அதற்கேற்ப மாற்றியது. ஆய்வு முடிந்தபின் அரசைத் தேடிச் செல்லாமல், தொடங்கும்போதே அரசைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டதால் கிடைத்த பலன் அது.

பங்களாதேஷைப் பாருங்கள். வயிற்றுப்போக்கில் மடியும் குழந்தைகளை உப்பும் இனிப்பும் கலந்த நீரால் காக்கலாம் என்பது 1960-களின் இறுதியில் டாக்கா ஆராய்ச்சிக்கூடத்தில் நிறுவப்பட்டது. அது ஏட்டோடு நின்றுவிடவில்லை. பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று, மூன்று விரலில் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று அடுப்பங்கரை அளவிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்குக் கற்றுத் தந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்த ஆய்வின் பயனைப் பெற்றாள்.

நம் மாநிலத்திலும் நல்ல அறிகுறிகள் இல்லாமலில்லை. 1994-இல் திருப்பூரை ஆராய்ந்து எழுதிய அதே ஜெயரஞ்சன் 2021-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். ஆனால் ஆய்வாளர் ஒருவர் பதவிக்கு வரும்வரை காத்திருப்பது ஒரு முறையாகாது. ஆய்வு பேசும் மொழி ஆங்கிலம். கிணற்றுக்கு உரியவரின் மொழி தமிழ். ஆய்வுக்கு மூன்றாண்டுகள் வேண்டும்; அதிகாரிக்கோ நாளை மாலைக்குள் முடிவு வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பும் பணியை யாராவது ஏற்கத்தான் வேண்டும்.

நம் வீட்டிலிருந்து

வாசகர்களே! இன்று நம் வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், கல்லூரிக்குச் செல்கிறார்கள். பட்டப்படிப்பின் இறுதியில் ஆய்வேடு ஒன்று எழுதச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது கடையில் விலைக்கு வாங்கப்பட்டோ, பழையதைப் பார்த்து எழுதப்பட்டோ, மதிப்பெண் வந்ததும் பரணுக்குப் போகிறது. அந்த ஓர் ஏட்டை நம் தெருவின் குடிநீரைப் பற்றியோ, பனியன் கூடங்களில் துண்டு வேலை செய்யும் பெண்களின் கூலியைப் பற்றியோ எழுதச் சொல்லுங்கள். முடிவை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, கிராம சபையிலோ வார்டு உறுப்பினரிடமோ கொடுக்கச் சொல்லுங்கள். அரசு அலுவலகத்தில் இருக்கும் அளவீடுகளைக் கேட்டுப் பெற 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கொரு முறை பள்ளிவாசல் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பி, வந்த முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை.

அம்மா இப்போது இல்லை. கிணறு இருக்கிறது, இன்னும் அதில் பருப்பு வேகாது. சென்ற வாரம் கேள்வி கேட்ட அந்தச் சிறுவனையும் இன்னும் மூன்று மாணவர்களையும் அழைத்துச் சென்று, அந்தக் கிணற்றிலிருந்து ஒரு புட்டி நீர் எடுத்துச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வந்ததும் அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.