மைதானத்தில் மணக்கும் சில்லி

வாஷிங்டன் நகரின் நேஷனல்ஸ் பார்க் பேஸ்பால் மைதானத்துக்குப் போனால், முதலில் தேட வேண்டியது உங்கள் இருக்கையை அல்ல, பென்ஸ் சில்லி பௌல் கடையைத்தான். நேஷனல்ஸ் அணியின் சிவப்புத் தொப்பி போட்ட கூட்டத்தோடு நானும் வரிசையில் நின்றேன். அங்கே எல்லோரும் விரும்பிக் கேட்பது சில்லி ஹாஃப்-ஸ்மோக்.

பார்வைக்கு இது ஹாட் டாக்தான். ஆனால் சாதாரண ஹாட் டாக்கில் இறைச்சியைக் கூழாக அரைத்துவிடுவார்கள்; பல்லுக்கு வேலையே இருக்காது. ஹாஃப்-ஸ்மோக்கில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் பாதிப் பாதி. கொரகொரப்பாக அரைத்து, மிளகாய் சேர்த்து, புகையூட்டிய சாசேஜ். கல்லில் வாட்டி பன்னுக்குள் வைத்து, கடுகு விழுதும் நறுக்கிய வெங்காயமும் போட்டு, மேலே ஒரு கரண்டி சில்லி ஊற்றுகிறார்கள். சில்லி என்றால் கொத்திய மாட்டிறைச்சியை மசாலாவோடு நேரமெடுத்துக் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பு.

கடித்ததும் தோல் படக்கென்று உடைகிறது. முதலில் கடுகின் புளிப்பு, பிறகு புகை வாசனை. காரம் நிதானமாகத்தான் வருகிறது. மிளகாயின் காரம் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் சாசேஜின் நெய்ப்போடு வாய் முழுக்கப் பரவி நிற்கிறது. குளிர்பானம் குடித்தாலும் போவதில்லை. ஆந்திரச் சாப்பாடு பழகியவர்களுக்கு இது மிதமான காரம்தான். ஆனால் அந்த வாசனை! அமெரிக்கச் சில்லிப் பொடியில் மிளகாயோடு சீரகமும் இருக்கும். அங்குள்ள கடுகு விழுதுக்குப் பளீரென்ற நிறத்தைத் தருவது மஞ்சள்தூள். நம் அஞ்சறைப்பெட்டியில் பாதி அந்த பன்னுக்குள் இருக்கிறது.

இந்தக் கடையைத் தொடங்கிய பென் அலி, டிரினிடாட்டில் பிறந்த இந்திய வம்சாவளியினர். பல் மருத்துவம் படிக்க ஹோவர்ட் பல்கலைக்கழகம் வந்தவர், 1958 ஆகஸ்டில் தன் வருங்கால மனைவி வர்ஜீனியாவோடு சேர்ந்து வாஷிங்டனின் யூ ஸ்ட்ரீட்டில், ஒரு பழைய மௌனப்பட தியேட்டர் கட்டடத்தில் முதல் கடையைத் திறந்தார். அதே ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். கறுப்பினத்தவரின் இசையும் வியாபாரமும் செழித்திருந்த தெரு அது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நகரம் பற்றி எரிந்தபோது, ஊரடங்கிலும் சிறப்பு அனுமதியோடு திறந்திருந்த கடை இது. போராட்டக்காரர்களும் காவலர்களும் இங்கேதான் சாப்பிட்டார்கள். பதவியேற்பதற்குப் பத்து நாள் முன்பு, 2009 ஜனவரியில் ஒபாமாவும் வந்து ஹாஃப்-ஸ்மோக் சாப்பிட்டார். முஸ்லிமான பென் அலியோ பன்றி இறைச்சி உண்ணாதவர். தான் புகழ்பெறச் செய்த பண்டத்தைத் தான் சுவைக்காமலே அவ்வாண்டு அக்டோபரில் காலமானார்.

எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் அதே பாப்கார்ன், அதே வறுத்த உருளைக்கிழங்கு என்பது எனக்குப் பெரிய வருத்தம். 2008இல் திறக்கப்பட்ட இந்த மைதானம், தன் ஊர்க்காரர்கள் ஐம்பது ஆண்டுகளாகத் தின்று வளர்ந்த பண்டத்துக்கு இடம் கொடுத்தது. விளையாட்டு அரங்குகளை நிர்வகிப்பவர்கள் அத்தனை பேரும் செய்ய வேண்டிய காரியம் இது.

வாஷிங்டன் போகிறவர்கள் தவறவிடாதீர்கள். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சாப்பிடாதவர்கள் யூ ஸ்ட்ரீட் கடைக்கே போய்விடுங்கள். அங்கே வான்கோழி சாசேஜும் சைவச் சில்லியும் உண்டு. எதுவானாலும் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் பன் ஊறிப்போகும்.