பூர்ஜ இலையில் க்ஷேத்திர கணிதம்

வசந்த காலத்தில் ஐரோப்பாவின் பூர்ஜ மரங்கள் புது இலை விட்டு நிற்கும்போது, சில இலைகள் மட்டும் பாதிக்கு மேல் சுருண்டு, கடலைக்காரர் மடிக்கும் கூம்புப் பொட்டலத்தைத் தலைகீழாகக் கட்டினாற்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். (இமயமலையில் வளரும் பூர்ஜ இனத்து மரத்தின் பட்டையிலும் நம் தேசத்து முன்னோர் ஏடெழுதினர்.) அப்பொட்டலத்தைச் செய்வது, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளமேயுள்ள ஒரு கறுப்புக் கூன்வண்டு. 1758-இல் லின்னேயஸ் விவரித்த இதனை இன்று டெப்போராஸ் பெட்டூலே என்பர்.

வேலை முழுவதும் பெண்வண்டினுடையது. காம்புக்குச் சற்றுக் கீழே இலையின் ஓர் ஓரத்தில் தொடங்கி, நேராக அல்லாமல், ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப்போல வளைத்து வெட்டிக்கொண்டே அது நடுநரம்பை அடைகிறது. நரம்பை அறுத்துவிட்டால் இலை விழுந்துவிடுமாதலால், அதைச் சிறிதளவே கடித்து வைத்து, மறுபாதியைச் சற்றுப் படுத்த வளைவாக வெட்டி எதிர் விளிம்புக்குப் போகிறது. சாறு குன்றி இலையின் விறைப்பு தளர்ந்ததும், ஒரு பாதியைக் கால்களால் இழுத்துக் கூம்பாகச் சுருட்டி, மற்றதை அதன்மேல் போர்த்தி, உள்ளே புகுந்து இலைத்தோலில் சிறு பைகள் செய்து முட்டையிடுகிறது.

இவ்வெட்டின் வளைவை ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ஆஹன் நகரத்து வைத்தியர் டெபை. கணித அறிஞர் ஹைஸின் துணையோடு அவர் 1846-இல் வெளியிட்ட முடிவு வியக்கத்தக்கது. ஒரு வளைகோட்டின்மேல் சுற்றிய நூலைத் தளரவிடாமல் பிரித்துக்கொண்டே வந்தால், அதன் நுனி வேறொரு வளைகோட்டை வரையும். இவ்விரு கோடுகளின் சம்பந்தத்தை ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் 1673-இல், ஊசற் கடிகாரத்தைப் பற்றிய தம் நூலில் விளக்கியிருந்தார். இலை விளிம்பை நூல்நுனி வரைந்த கோடாகக் கொண்டால், வண்டின் வெட்டு, நூல் சுற்றியிருந்த மூலக்கோட்டுக்கு ஒப்பாயிருந்தது!

வண்டு கணக்கிட்டு வெட்டுகிறது என்று நான் சொல்லமாட்டேன். செவ்வையாகச் சுருளும் இலையிலேதான் சந்ததி பிழைக்கும் என்ற நியதியில், எண்ணிறந்த தலைமுறைகளாகத் திருந்தி வந்த இயல்பூக்கம் இது என்பதே என் துணிபு. அதனால் இதன் பெருமை எள்ளளவும் குறைவதில்லை.

பொட்டலம் வாடி நிலத்தில் உதிர்கிறது. புழுக்கள் அதன் உலர்ந்த சதையையே தின்று வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகின்றன. மறு வசந்தத்தில் வெளிவரும் பெண்வண்டுகள், தாய் வெட்டியதைக் காணாமலே, அதே வளைகோட்டை வெட்டுகின்றன.